எங்கள் ஊர் ஏரியைப் பற்றிப் புத்தகம் எழுத எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராமம். அந்த ஊர் ஏரியைப் பற்றிப் புத்தகம் எழுத வேண்டும் என்று ஒருவருக்குப் பல வருஷ ஆசை. தாத்தா சொன்ன கதைகள், வெட்டி வைத்த செய்தித் துணுக்குகள், கைபேசியில் எடுத்த படங்கள் என்று ஒரு கோப்பு நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார், ஆனால் எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. இது புத்தகமாகுமா, எங்கே தொடங்குவது, இதற்காக வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். கட்டுரை நூல்களைச் செப்பனிடுவது என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆகும். ஆனால் இப்போது உங்களிடம் இருப்பது ஒரு விஷயம், அவ்வளவுதான். "எங்கள் ஊர் ஏரியின் வரலாறு" என்று தலைப்பு வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள், இரண்டு பக்கத்தில் நின்றுபோவதற்கு அந்தத் தலைப்பே காரணம் என்று நினைக்கிறேன். வரலாறு என்று ஆரம்பித்தால் பல்லவர் காலம், சோழர் காலம், வெள்ளைக்காரன் காலம், இன்றைய அவலம் என்று நாலு பத்தியில் எல்லாம் தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் இருக்கும் சுமார் 39,000 ஏரி குளங்களில் எதன் பெயரைப் போட்டாலும் அந்த நாலு பத்தி பொருந்தும். நிறையக் கைப்பிரதிகள் இப்படித்தான் வருகின்றன. உழைப்பு இருக்கும், அக்கறை இருக்கும், படிக்கிறவரை அடுத்த பக்கத்துக்கு இழுக்கிற எதுவும் இருக்காது. ஏனென்றால் எழுதியவருக்கே தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. உங்களுக்கு இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும். அது கிடைக்கிற வரைக்கும் அத்தியாயம் பிரிப்பது, அட்டைப்படம் யோசிப்பது, முன்னுரை யாரிடம் வாங்குவது என்பதெல்லாம் வேண்டாத வேலை.

கேள்வி எப்படிக் கிடைக்கும்? மதுராந்தகம் ஏரிக் கதையையே எடுத்துக்கொள்வோம், உங்கள் பக்கம் என்பதால் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். மழை கொட்டுகிறது, கரை எந்த நேரமும் உடையலாம், கலெக்டர் லியோனல் பிளேஸ் துரை ராத்திரியில் கரையைப் பார்க்கப் போகிறார், அங்கே வில்லும் அம்புமாக இரண்டு பேர் காவல் நிற்பதைக் காண்கிறார், ஏரி உடையவில்லை. கரை நின்றால் ஊர் ராமர் கோயிலில் தாயார் சந்நிதி கட்டித் தருவதாகக் கொடுத்த வாக்கை அவர் நிறைவேற்றுகிறார். காவல் நின்றது ராமரும் லட்சுமணரும் என்பது ஊர் நம்பிக்கை, ராமருக்கு ஏரி காத்த ராமர் என்றே பெயர் வந்துவிட்டது, சந்நிதியில் அது பிளேஸ் துரையின் தர்மம் என்று கல்லிலும் பொறித்திருக்கிறார்கள். இதை அப்படியே எழுதினால் தலபுராணத்தில் ஒரு பக்கம். "இதெல்லாம் கட்டுக்கதை" என்று எழுதினால் அரைப் பக்கம். இரண்டுமே அதற்கு மேல் நகராது.

இப்போது வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். கொட்டுகிற மழையில், இருட்டில், ஒரு கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரி ஏரிக்கரைக்கு ஏன் போக வேண்டும்? அவர் பாட்டுக்குப் படுத்துத் தூங்கியிருக்கலாமே. 1763இல் ஆற்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக, அதாவது வருமானத்தை அனுபவிக்கும் உரிமையோடு, கொடுத்தார். கும்பினிக்கு இங்கே வருமானம் என்றால் பெரும்பாலும் விளைச்சலில் வருகிற பங்குதான். ஏரி உடைந்தால் விளைச்சல் போச்சு, பங்கும் போச்சு. ஆக, அவரைக் கரைக்கு இழுத்தது பக்தியாகவும் இருக்கலாம், கஜானாவாகவும் இருக்கலாம். பிளேஸ் 1790களின் நடுவில் சில வருஷம் ஜாகீர் கலெக்டராக இருந்தவர், ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைப்பாக இருந்தவர், 1799இல் அவர் எழுதிய நீண்ட அறிக்கையில் மிராசு (பரம்பரை நில உரிமை), வரி, ஏரி எல்லாம் வருகிறது. சரி, கரைக்கு மண் சுமந்தவர்கள் யார்? கூலி கொடுத்தார்களா, வெட்டியாக வாங்கினார்களா? அதற்கு முன்னால் ஏரியைப் பராமரிக்க ஊரே ஒதுக்கி வைத்திருந்த ஏரி மானியம் என்னவாயிற்று? துரையும் ராமரும் லட்சுமணரும் இருக்கிற கதையில் மண் சுமந்தவர் ஒருவர்கூட இல்லையே, ஏன்? பாருங்கள், ஒரே ஒரு "ஏன்" கேட்டதில் ஐந்தாறு அத்தியாயத்துக்கு வேலை வந்துவிட்டது. கதையையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஊர் எதை நினைவில் வைத்துக்கொண்டது, எதை மறந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

உங்கள் ஏரிக்கும் இதே போலத்தான். தாத்தா சொன்ன கதைகளில் எது உங்களை உறுத்துகிறதோ அதைப் பிடியுங்கள். உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "முன்பெல்லாம் மதகைத் திறக்க ஒருத்தர் மட்டும்தான் போவார், இப்போது யார் வேண்டுமானாலும் திறக்கிறார்கள்." எனக்கு அங்கேதான் புத்தகம் இருப்பதாகப் படுகிறது. மதகைத் திறக்கும் உரிமை யாரிடம் இருந்தது, எப்போது, எப்படிக் கைமாறியது? இதற்குப் பதில் தேடிப் போனால் மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற நீர்க்கட்டி வருவார், அவருக்கு அறுவடைக் களத்தில் அளந்த நெல் வரும், அவர் என்ன சாதி, அவருடைய சொந்த நிலத்துக்குத் தண்ணீர் எப்போது பாய்ந்தது (பெரும்பாலும் அவருக்கு நிலமே இருந்திருக்காது) என்பது வரும். அப்புறம் பம்புசெட் வரும், இலவச மின்சாரம் வரும். கிணறு வெட்ட வசதி இருந்தவர்களுக்கு ஏரித் தண்ணீர் தேவைப்படாமல் போனதும், அவர்கள் கைவிட்ட பிறகு வரத்துக்கால்வாயைத் தூர்வார ஆள் சேராததும் வரும். நீங்கள் எழுத நினைத்த வரலாறு முழுவதும் உள்ளே வந்துவிடும், ஆனால் ஒரு கேள்வியின் பின்னால் வரிசை கட்டி வரும். இது உங்கள் கேள்விதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், எழுதப் போகிறவர் நீங்கள். ஒரே வாக்கியமாக, கேள்விக்குறியோடு எழுத முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது தரவு. முதல் வேலையாக அது யூனியன் ஏரியா, பொதுப்பணித் துறை ஏரியா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாகப் பொதுப்பணித் துறை, இப்போது அந்த வேலை நீர்வளத் துறையிடம் இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் அலைந்தால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டிக்கொண்டே இருக்கும். ஆக்கிரமிப்பு பற்றி எழுதுவீர்கள் என்றால் அதற்கும் இது தேவை, ஏனென்றால் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கான 2007ஆம் வருஷச் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்காகத்தான் போடப்பட்டது.

அப்புறம் சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதிய அ பதிவேடு, எஃப்.எம்.பி. என்று சொல்கிற புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்). இரண்டும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் இருக்கும், கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்தர் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்க வேண்டியது. இதில் சுவாரசியம் எங்கே வருகிறது என்றால், பழைய ரிஜிஸ்தரையும் இன்றைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சர்வே எண் சர்வே எண்ணாக ஒப்பிடும்போதுதான். ஏரி என்று இருந்தது எங்கே நத்தமானது (குடியிருப்பு நிலமானது), வாய்க்கால் என்று இருந்தது எங்கே உட்பிரிவானது, விஸ்தீரணம் எங்கே குறைந்தது என்று வரும். சலிப்பான வேலைதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எண்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் உங்கள் புத்தகத்தில் வேறு யாரும் எழுத முடியாத பக்கங்கள் இதிலிருந்துதான் வரும். செங்கல்பட்டுக்காரர் என்பதால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டமும் உண்டு: 1767க்கும் 1774க்கும் நடுவில் தாமஸ் பர்னார்டு என்பவர் ஜாகீரில் சுமார் 2,000 ஊர்களைச் சர்வே செய்தார். ஊருக்கு ஊர் வீடு எத்தனை, ஏரி எத்தனை, யார் யாருக்கு எவ்வளவு மானியம் என்ற கணக்கு அதில் உண்டு. அதற்கு அடிப்படையான ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் ஊர் பெயர் அந்தக் காலத்து எழுத்தில் வேறு மாதிரி இருக்கும் என்பதை மனதில் வைத்துத் தேடுங்கள்.

கல்வெட்டும் பாருங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் (ஏரியைக் கவனித்த ஊர்க் குழு) வருவது எல்லோருக்கும் தெரியும், எல்லா ஏரிப் புத்தகமும் அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது, தயவுசெய்து நீங்களும் அங்கே ஆரம்பிக்காதீர்கள். உங்கள் ஊருக்கும் உத்திரமேரூருக்கும் தொடர்பு இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். பழைய தூம்பின் (மதகின்) கல்லில் எழுத்து இருக்கிற ஏரிகள் பல உண்டு, உங்கள் ஏரியில் இருந்தால் அதுதான் உங்களுக்கு முக்கியம்.

பெரியவர்களிடம் பேசுவதைப் பற்றி ஒன்று. "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் எழுபது வயதுக்காரர் உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒரு வருஷத்தைச் சொல்வார், நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். "எம்.ஜி.ஆரைச் சுட்டதற்கு முன்னாலயா பின்னாலயா?", "எமர்ஜென்சி அப்போ மதகு யார் கையில இருந்தது?", "இந்திரா காந்தி செத்த வருஷம் ஏரியில தண்ணி இருந்ததா?" என்று கேட்டால் 1967, 1975, 1984 தன்னால் விழும். 1980இல் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் பதவிகளை அரசாங்கம் ஒழித்தது. ஊர்க் கணக்குகளில் கொஞ்சம் அப்போது கர்ணம் வீடுகளிலேயே தங்கிப்போயிருக்கலாம், அந்த வீட்டுப் பரணைப் பற்றி மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். இன்னொன்று, பேட்டி என்றாலே ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில்தான் தொடங்குகிறோம். அங்கே கிடைக்கிற ஏரி வேறு, காலனியில் கிடைக்கிற ஏரி வேறு. நாற்று நட்ட அம்மாக்களிடம் கிடைக்கிறது மூன்றாவது ஏரி. மதகைப் பற்றிய புத்தகத்தில் மதகைத் திறந்தவரின் குடும்பம் பேசவில்லையென்றால் அந்தப் புத்தகத்தை நான் திருப்பித்தான் அனுப்புவேன். பேசுகிறவர் பெயரைப் போடலாமா என்று ஒலிப்பதிவிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, ஊர், பெயர் போட்டு அன்றைக்கே சேமியுங்கள். ஒரு வருஷம் கழித்து அந்தக் குரல் யாருடையது என்று யாருக்கும் நினைவு இருக்காது.

இதையெல்லாம் முடித்துவிட்டு எழுதலாம் என்று இருக்காதீர்கள், முடியவே முடியாது. கொஞ்சம் சேர்ந்ததும் 1,500 சொல்லில் ஒரு கட்டுரை எழுதுங்கள், முழு விஷயத்தையும் அதற்குள் அடக்கப் பாருங்கள். நிம்மதியாக அடங்கிவிட்டால் அது கட்டுரைதான், நல்ல பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை. அடங்காமல் "இதை விளக்க இடமில்லையே" என்று நாலைந்து இடத்தில் எரிச்சல் வந்தால் அந்த இடங்கள்தான் அத்தியாயங்கள். பெரிய புத்தகங்களும் இப்படி வளர்ந்ததுண்டு. டார்வின் தன் பரிணாமக் கருத்தை 1842இல் பென்சிலால் 35 பக்கத்தில் எழுதினார், 1844இல் அதையே சுமார் 230 பக்கமாக விரித்தார், தான் செத்துப்போனால் அதை அச்சிட 400 பவுன் ஒதுக்கும்படி மனைவிக்குக் கடிதமும் எழுதி வைத்தார். புத்தகம் வந்தது 1859இல். நடுவில் எட்டு வருஷம் கொட்டலசு என்கிற கடல் பிராணியோடு போராடிக்கொண்டிருந்தார். 35 பக்கத்தை மட்டும் உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள், பதினேழு வருஷத்தை வேண்டாம். 1858இல் அதே கருத்தைத் தானாகவே எட்டியிருந்த வாலஸிடமிருந்து கடிதம் வராமல் இருந்திருந்தால் இன்னும் இழுத்திருப்பார்.

அத்தியாயம் பிரிக்கும்போது "பம்புசெட்", "குடிமராமத்து" (ஊரார் சேர்ந்து செய்யும் பழுது வேலை), "ஆக்கிரமிப்பு" என்று பெயர் மட்டும் எழுதி வைக்காதீர்கள். "கிணறு வெட்டியவர்கள் ஏரிக்கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்கள்", "நீர்க்கட்டியின் மகன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனார், மதகுச் சாவி யாரிடமும் இல்லாமல் போனது" என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முழு வாக்கியம் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அந்த அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம், திரும்ப ஊருக்குப் போங்கள். அந்த வாக்கியங்களை வரிசையாகப் படித்தால் புத்தகத்தின் போக்கு தெரிய வேண்டும். கால வரிசை கட்டாயமில்லை. 2015 வெள்ளத்தில் கலங்கல் (உபரித் தண்ணீர் வழியும் இடம்) வழியாகத் தண்ணீர் எங்கே போனது, போக வேண்டிய இடத்தில் என்ன இருந்தது என்பதில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனாலும் சரிதான்.

முன்னுரையை முதலில் எழுதாதீர்கள். உங்களுக்கு எந்த அத்தியாயத்தில் தரவு அதிகமாக இருக்கிறதோ அதை முதலில் எழுதி முடியுங்கள், அது ஏழாவதாக இருந்தாலும் பரவாயில்லை. அதில்தான் உங்கள் குரல் பிடிபடும். நீளம் பற்றிக் கவலை என்றால், டெமி என்கிற புத்தக அளவில் ஒரு பக்கத்துக்குச் சுமாராக 230, 250 சொல் வரும், 160 பக்கப் புத்தகத்துக்கு 35,000லிருந்து 40,000 சொல் போதும். அச்சுக்காரர்கள் 16 பக்கம் ஒரு பாரம் என்று கணக்குப் போடுவதால் கடைசியில் அதற்கு ஏற்றாற்போல் கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும், அது உங்கள் கவலை இல்லை. முதலிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துவிட்டு மாற்றியில் போட்டு எடுத்தால் கிரந்த எழுத்தும் கொம்பும் இடம் மாறி, பிழை திருத்துகிறவர் உயிர் போகும்.

ஆக்கிரமிப்பு அத்தியாயத்தில் மட்டும் கோபத்தைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். இன்னார் ஏரியை வளைத்துப் போட்டார் என்று ஊரே சொல்லும், எழுத்தில் நீங்கள் சொன்னால் வழக்கு உங்கள் மேல் வரும். பதிவேடு, நீதிமன்றத் தீர்ப்பு, தகவல் உரிமைப் பதில் எதில் இருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள், பேச்சுவழக்கில் மட்டும் இருப்பதைப் பெயர் இல்லாமல் எழுதுங்கள். ஊரில் உங்கள் குடும்பம் தொடர்ந்து குடியிருக்கப் போகிறது என்பதும் ஒரு விஷயம். அதைவிடச் சங்கடம், தேடிப் போகும்போது உங்கள் தாத்தா பெயரே வாய்க்கால் புறம்போக்கில் வந்து நிற்கலாம். வந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும். அதை மறைத்துவிட்டு மற்றவர்களைப் பற்றி எழுதினால் ஊரில் ஒருவர் நம்ப மாட்டார்.

பதிப்பகம் பற்றி: ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் நவம்பர், டிசம்பரில் எல்லாப் பதிப்பகமும் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கொடுக்கிற கைப்பிரதியை யாரும் ஒழுங்காகப் படிக்க மாட்டார்கள், பிழையோடு வரும். காட்சி முடிந்து மார்ச், ஏப்ரலில் அனுப்புங்கள். முழுப் பிரதி தேவையில்லை, அந்தக் கேள்வி, அத்தியாய வாக்கியங்கள், எழுதி முடித்த இரண்டு அத்தியாயம் இருந்தால் போதும். நீங்கள் பணம் கொடுத்தால்தான் புத்தகம் வரும் என்று சொல்கிறவர்களிடம், எத்தனை பிரதி, யார் விற்பார்கள், விற்காத பிரதி யாருக்கு என்பதை எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் தராதீர்கள். நீங்களே வெளியிடுவது என்றாலும் இப்போது பெரிய சிரமம் இல்லை, தேவைக்கேற்பக் குறைந்த பிரதிகள் அச்சடித்துக்கொள்ளலாம். ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் அடையாள எண்ணை மத்திய அரசின் முகமை இலவசமாகத் தருகிறது, அதற்குப் பணம் கேட்கிறவரை நம்ப வேண்டாம். அச்சானதும் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், 1954ஆம் வருஷச் சட்டப்படி அது வெளியிடுகிறவரின் கடமையும்கூட.

கடைசியாக, வேலையை விடுவது. வேண்டாம். இந்த வேலைக்கு ஒரு நாளின் எல்லா மணி நேரமும் தேவைப்படாது, ஒரு வருஷத்தின் எல்லாப் பருவமும்தான் தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே தடுக்கப்படுகிறது, கலங்கல் வழியுமா என்று பார்க்க வேண்டும். தை, மாசியில் மதகுத் தகராறு நடக்கும். சித்திரை, வைகாசியில் ஏரி வற்றினால்தான் பழைய தூம்பின் அடிக்கல் வெளியே தெரியும், மீன் பாசிக் குத்தகையும் கருவேல மர ஏலமும் யார் எடுத்தார்கள் என்பது டீக்கடையில் பேசப்படும். இதெல்லாம் சனி, ஞாயிறில் ஊருக்குப் போய் வந்தாலே கிடைக்கும். விடுப்பு மிச்சம் இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வையுங்கள், அது வார நாட்களில்தான் திறந்திருக்கும்.